ராகு காலத்தில் ஓடிய பிரஸ்

என் அக்கா ஹம்ஸா கும்மிடிப்பூண்டியில் ஒரு முதலாளியை அவருடைய சொந்தத் தொழிற்சாலையில், அவருடைய அம்மா எதிரிலேயே தலைகுனிய வைத்தாள் என்று திருவள்ளூரில் பேசிக்கொள்கிறார்கள். தேரடியில் ஒரு விதமாகவும் பஜாரில் வேறு விதமாகவும் பேசுகிறார்கள். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த திமிர் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. அன்றைக்கு அந்த இடத்தில் கற்பூரத் தட்டோடு நின்றவன் நான். பேசுகிறவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். திமிர் என்றால் திமிர்தான், அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் அப்பா ராமானுஜம் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்தவர். பெருமாளுக்குச் சமைப்பதை நாங்கள் தளிகை என்போம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும்வரை, அதாவது படைக்கும்வரை, யாரும் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் முதலில் தெரிந்துகொள்பவர் பெருமாள்தான். அவர் இதுவரை யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. என் பெயர் ஹயக்ரீவன். தளிகையும் செய்வேன், யாராவது கூப்பிட்டால் போய் பூஜையும் செய்து வைப்பேன்.

அக்கா தினமும் லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய் இன்ஜினியரிங் படித்தாள். படித்து முடித்த கையோடு ராணுவத்துக்கு எழுதிப் போட்டாள். பரங்கிமலைக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"பட்டாளத்துல பொம்மனாட்டிக்கு என்னடி வேலை?" என்றார் அப்பா.

"உங்க மடைப்பள்ளியில எனக்கு என்ன வேலைப்பா? வாசப்படி தாண்டி உள்ள விடமாட்டேள். அங்க விடறா. போறேன்" என்றாள் அவள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். தெருவில் நாலு பேர் வந்து நியாயம் பேசினார்கள். வரன் பார்த்துவைத்த மாமா ஒருவர் எங்கள் வீட்டுப் படியேறுவதையே நிறுத்திவிட்டார். நல்லதாகப் போயிற்று. அவர் வந்தால் இரண்டு தடவை காபி கேட்பார்.

ராணுவத்தில் அவள் பொறியாளர் படையில் இருந்தாள். பாலம் போடுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. மேற்கு எல்லையில் மணலுக்குள் புதைத்திருந்த கண்ணிகளைத் திரும்ப எடுக்கும் காலம் அது. மணல் ஒரு இடத்தில் நிற்காது, கண்ணியும் வைத்த இடத்தில் இருக்காது. குச்சியால் குத்திக் குத்தித் தேடி, ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி எடுத்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். பிறகு அந்த நிலம் விவசாயிகளிடம் போகும். வழி சுத்தமாகிவிட்டது என்று எந்த அதிகாரி சொல்கிறாரோ அவர்தான் அதில் முதலில் நடக்க வேண்டும் என்பது அவள் இருந்த பிரிவின் வழக்கம். சிப்பாய்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மறுமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆள் காலை எடுத்து வைப்பான்.

லீவில் வந்தபோது இதைச் சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அம்மா பரிமாறிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா எழுந்து போய்க் கை அலம்பினார். மறுநாள் காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது, "எங்க தளிகையில ருசி பாக்கப்படாது. உன் தளிகையில ருசி பாக்காம விடப்படாது போலிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் அவளைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பதினான்கு வருஷம் ஆனதும் மேஜர் ஹம்ஸாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் அதிகாரிகளுக்கு அப்போதெல்லாம் அவ்வளவுதான் கொடுத்தார்கள். அவள் கோபித்துக்கொண்டாள், ஆனால் ஒருவரிடமும் போய் அழவில்லை. சென்னையில் கண்ணாடிக் கட்டடக் கம்பெனிகளுக்கு வேலை கேட்டுப் போனாள். ராணுவமா, அப்படியானால் எங்கள் வாட்ச்மேன்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பாலம் கட்டினவளை கேட் மேய்க்கச் சொன்ன அந்தப் புண்ணியவான்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லக்ஷ்மண் என்பவர் நடத்திய ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அப்போது அது ஒரு தகரக் கொட்டகை. இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பார்கள். அவள் போன பிறகு பிரஸ்களுக்கான பாதுகாப்புக் கருவிகள் செய்ய ஆரம்பித்தார்கள்.

பிரஸ் என்றால் தகட்டை அச்சில் வைத்து ஒரே அடியில் வடிவம் கொண்டுவரும் இயந்திரம். தகட்டை வைப்பது மனிதக் கை. அந்தக் கை உள்ளே இருக்கும்போது அடி இறங்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதற்காக முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கம்பம் நிறுத்துவார்கள். ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்க்கொண்டிருக்கும். கை அதைக் குறுக்கிட்டால் பிரஸ் நின்றுவிடும். லைட் கர்ட்டன் என்பார்கள். அக்கா அதைச் செய்து, சோதித்து, விற்று, படிப்படியாக மேலே வந்து அந்தக் கம்பெனியின் தொழில்நுட்ப இயக்குநர் ஆனாள். தொழிலாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பட்டாளத்தம்மா.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குப் பிறகு புதுவாயல் பக்கம் ஒரு பட்டறையில் விபத்து நடந்தது. ஜெகன் என்று ஒரு இளைஞன், ஊத்துக்கோட்டைக்காரன். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அக்கா போய் அந்த பிரஸ்ஸைப் பார்த்தாள். லைட் கர்ட்டன் கண்ணாடியின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் அதற்கும் வைத்திருக்கிறார்கள். ஒளி மறைந்ததும் பிரஸ் ஓடவில்லை. பூஜை போட்டு ஓடாமல் இருந்தால் அபசகுனம், நல்ல நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் ஒரு வயரை மாட்டி அந்தக் கர்ட்டனையே விலக்கிவிட்டார். பிரஸ் ஓடியது, எல்லாரும் கைதட்டிப் பொரிகடலை தின்றுவிட்டுப் போனார்கள். அந்த வயரைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "ஹயா, உங்க சந்தனம் ஒரு பையனோட ரெண்டு விரலை எடுத்துடுத்துடா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "சந்தனமா எடுத்தது? வயரை மாட்டினவன்னா எடுத்தான்" என்றேன்.

"அதேதான். வயரை மாட்டினவன் ஒருநாளும் அதுல கையை விடமாட்டான். விடறவன் வேற, மாட்டறவன் வேற."

அதிலிருந்து அவள் ஒரு சட்டம் வைத்தாள். அவள் கம்பெனி கருவி மாட்டிய பிரஸ் சரியாக இருக்கிறது என்று யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் கைதான் முதலில் உள்ளே போக வேண்டும். முதலில் மரக்குச்சியை விட்டுப் பார்க்கலாம். பிறகு கை. அதன் பிறகுதான் ஆபரேட்டர். அவளே கையெழுத்துப் போட்டால் அவள் கை. கர்ட்டனை விலக்கி ஓட்டும் வசதிக்கு வயர் வேலை எதுவும் செல்லாது, ஒரு சாவி மட்டுமே. இந்தச் சட்டத்தால் சில ஆர்டர்கள் கைநழுவின. விற்பனை ஆட்கள் அவள் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடித்தார்கள். அவள் ஜெகனைக் கூப்பிட்டுத் தன் சோதனைப் பிரிவில் வேலைக்கு வைத்தாள். குச்சி பிடிப்பது அவன் பொறுப்பு.

இனி துளசிராமன் கதைக்கு வருகிறேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் நிலம் நிறைய உள்ள குடும்பம் அவருடையது. கும்மிடிப்பூண்டியில் காருக்கான தகட்டுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். அவருடைய பிரஸ்கள் அத்தனைக்கும் கருவி மாட்டும் ஆர்டருக்காக லக்ஷ்மண் வருஷக்கணக்கில் அலைந்திருந்தார். முதலில் ஒரு புது பிரஸ்ஸில் மாட்டிக் காட்டுங்கள், பிடித்திருந்தால் மீதி என்று துளசிராமன் சொல்லியிருந்தார். பூஜைக்கு என்னைக் கூப்பிட்டது அக்கா இல்லை, லக்ஷ்மண்தான்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா காரிலேயே போனோம். பெரியபாளையம் தாண்டும்போது அவளாகச் சொன்னாள். "லக்ஷ்மண் நேத்திக்குச் சொல்லிட்டார். இன்னிக்கு முகூர்த்தத்துல மெஷின் ஓடலேன்னா நான் வேற இடம் பாத்துக்கலாமாம்."

"ஓடாம என்ன? ஓடிடும்" என்றேன்.

"ஓடும். எப்படி ஓடறதுன்னு ஒண்ணு இருக்கே."

விடிகாலையில் நான் தளிகை செய்த புளியோதரைத் தூக்கை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அங்கே போனால் மின்சாரம் இல்லை. ஏதோ இணைப்பு வேலை இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் சோதனை, பிறகு பூஜை என்பது அக்காவின் திட்டம். சோதனைக்கு மின்சாரம் வேண்டும், பூஜைக்கு வேண்டாமே. "நேரம் போவுது, பூஜைய முடிச்சிக்குனு இருக்கலாம்" என்றார் துளசிராமன். செய்தேன். கண்ணாடியில் சந்தனம் படக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால் பொட்டை பிரஸ்ஸின் உச்சியில் மட்டும் வைத்தேன். ஆரத்தி மட்டும் பாக்கி. பிரஸ் முதல் அடி அடித்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த பிரஸ்ஸை ஓட்டப் போகிறவள் செண்பகம் என்ற பெண். புதுச் சீருடையில், தலைநிறையப் பூவோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். துளசிராமனின் அம்மா கெங்கம்மாள் பட்டுப்புடவை சரசரக்கச் சுற்றி வந்து, என் தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்தார். நான் கற்பூரம் தேடிக் குனிந்திருந்தேன். அக்கா மின்சார அறைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது விளக்குகள் எரிந்தன. துளசிராமன் முகம் மலரச் சிரித்தபடி பச்சைப் பொத்தானை அழுத்தினார். பிரஸ் அசையவில்லை. சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

அக்கா நேராகக் கம்பத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"கண்ணு மாதிரி இருந்திச்சி. அதான் பொட்டு வெச்சேன்" என்றார் கெங்கம்மாள்.

"பரவாயில்லம்மா" என்றாள் அக்கா. "தொடச்சிட்டு, சோதனை பண்ணிட்டு ஓட்டலாம். ஜெகன், துணி கொண்டா. சுத்தமா தொடைக்கணும், எண்ணெய்ப் பிசுக்கு நிக்கக் கூடாது."

துளசிராமன் கடிகாரத்தைப் பார்த்தார். "பூஜைல வெச்ச பொட்ட எங்கம்மா எதிருலயே தொடைப்பீங்களா? அதெல்லாம் வாணாம் மேடம். பத்தரை ஆவப் போவுது. ஒரு சாவி இருக்குதுன்னு சொன்னாங்களே, அத்தப் போட்டு ஒரே ஒரு பீசு ஓட்டுங்க. அப்பால நீங்க இன்னா வோணா தொடைச்சிக்குங்க."

லக்ஷ்மண் அக்காவிடம் வந்து தணிந்த குரலில், "ஒரு அடிதானே ஹம்ஸா. பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

செண்பகம் எல்லாருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு பிரஸ் பக்கம் போனாள். முதலாளி சொன்னால் வைக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அது. அப்போது எனக்கு ஜெகனின் விரல்கள் ஞாபகம் வந்தன. புதுவாயலிலும் இப்படித்தான் எல்லாரும் நல்லவர்களாக, நல்ல நேரத்தில், பொட்டும் பூவுமாக நின்றிருப்பார்கள்.

"செண்பகம், தகட்டைக் கீழ வை" என்றாள் அக்கா. ராணுவத்தில் அவள் எப்படிப் பேசியிருப்பாள் என்று அன்றுதான் தெரிந்தது. சத்தம் அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பெண் உடனே வைத்துவிட்டாள்.

அக்கா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் துளசிராமனுக்குக் காட்டினாள். "ஓட்டலாம் சார். எங்க பழக்கம் ஒண்ணு இருக்கு. சரியா இருக்குன்னு யார் சொல்றாங்களோ அவங்க கைதான் முதல்ல. நான் சொல்லல, நீங்க சொல்றீங்க. அதனால தகட்டை நீங்க வையுங்க. நான் பொத்தானை அழுத்தறேன்."

அவர் முகம் கறுத்துப் போயிற்று. இத்தனை பேர் எதிரில் ஒரு பெண் பிள்ளை கேட்டுவிட்டாளே. "நான் இன்னா பயந்துக்குவேன்னு நெனச்சியா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். தகட்டை எடுத்து, அச்சுப் பக்கம் கையை நீட்டினார்.

"நைனா, வாணாம்" என்று கெங்கம்மாள் அலறி ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். அவர் இடித்ததில் என் சந்தனத் தட்டு விழுந்து உருண்டது. "கைய எடு நைனா. எடுடா."

சாவி அக்கா கையில்தான் இருந்தது. போடாத சாவிக்கு பிரஸ் இம்மியும் நகராது. அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. உருண்ட தட்டு பிரஸ்ஸின் காலில் முட்டி ஓய்ந்தது.

செண்பகம்தான் முதலில் வாயைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா இங்க இல்ல மேடம். அவ்ளோதான்."

துளசிராமன் கையை எடுத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார், தகட்டைக் கீழே வைத்தார். கெங்கம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கம்பத்துக்கு வந்து, தான் வைத்த பொட்டைத் தானே துடைத்தார். ஜெகன் துணியோடு போய் மிச்சத்தைச் சுத்தம் செய்தான். அந்த அம்மாள் அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. லக்ஷ்மணுக்கு வேறு வழி தெரியவில்லை, என் பக்கம் திரும்பினார். "சுவாமி, நீங்களே சொல்லுங்கோ. ராகு காலத்துல மெஷின் ஆரம்பிக்கலாமோ? பன்னெண்டுக்கு மேல வச்சுக்கலாமே." அக்காவின் வாயை என் வாயால் அடைக்கப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

நாங்கள் நவக்கிரகம் சுற்றுகிறவர்கள் இல்லை, பெருமாள் இருக்க ராகு என்ன செய்வார் என்று வாய்கிழியப் பேசுவோம். ஆனால் ராகு காலம் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஐயங்காரை நான் கண்டதில்லை. நானும் அப்படித்தான். என் பிழைப்பில் பாதி நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களால் நடக்கிறது. மத்தியானம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் மத்தியானத்துக்குள் யாராவது ஒருவர் மனது மாறி, இன்னொரு வயர் முளைத்துவிடும். எனக்கு ஆத்திரம் வந்தது.

"பெருமாளுக்கு ராகு காலம் கிடையாது. இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

ஜெகன் பிரஸ்ஸை ஓடவிட்டுக் குச்சியை நீட்டினான். மேலிருந்து இறங்கிய அடி பாதியில் நின்றது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் விட்டுப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் நின்றது. பிறகு அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினாள். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இரும்பு அவள் கைக்கு வெகு மேலேயே 'புஸ்' என்று காற்றை விட்டு நின்றது.

அவள் நகர்ந்ததும் துளசிராமன் தானாக முன்னால் வந்தார். யாரும் கேட்கவில்லை. கையை விட்டார். நின்றது. கெங்கம்மாள் அந்த நேரம் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி கைகூப்பிக்கொண்டு நின்றார். அக்கா சாவியைத் துளசிராமனிடம் தராமல் செண்பகத்திடம் கொடுத்தாள். "யார் கை உள்ள போகுதோ அவங்ககிட்ட சாவி இருக்கட்டும்" என்றாள். துளசிராமன் முணுமுணுத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. செண்பகம் அதைக் கழுத்துக் கயிற்றில் அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டு, தகட்டை வைத்து, கையை எடுத்து, பொத்தானை அழுத்தினாள். முதல் அடி விழுந்தது. ராகு காலத்தின் நட்டநடுவில் நான் ஆரத்தி காட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகள் என்னைப் பூஜைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. நிறுத்தட்டும்.

லக்ஷ்மண் அக்காவை ஓரமாக அழைத்தார். "ஆர்டர் வந்தாலும் வரலேன்னாலும் நீங்க பண்ணது சரியில்ல. கஸ்டமரை இப்படியா நிக்க வைப்பாங்க?"

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வருவேன். நான் வேண்டாம்னா வாசல்லயே சொல்லிடுங்க, உள்ள வரல. உள்ள விட்டீங்கன்னா இதே மாதிரிதான் இருப்பேன்" என்றாள் அக்கா. திங்கட்கிழமை அவள் போனாள். வாசலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று கிளம்புவதற்கு முன் புளியோதரையைத் தொன்னையில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தேன். துளசிராமன் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். லக்ஷ்மண் "திவ்யமா இருக்கு சுவாமி" என்றார். மேனேஜர்கள், மேஸ்திரிகள், கெங்கம்மாள் என அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். அக்கா அப்போதுதான் ஒரு தொன்னையை வாங்கியிருந்தாள், இன்னும் வாயில் வைக்கவில்லை.

செண்பகம் ஒரு வாய் போட்டு மென்றாள். நின்றாள். காலையில் முதலாளி சொன்னதும் மறுபேச்சில்லாமல் தகட்டை எடுத்தவள், இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சாமி. இதுல உப்பே போடல."